கேளுங்க டீச்சர்: சனிக்கு எத்தனை நிலா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து உங்கள் டீச்சர். இந்த மாதம் வந்த தபாலில் மழை, வெள்ளம் பற்றிய கேள்விகள் நிறைய. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். கையில் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

என் மக குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கா. ஒரு வினா விடைப் புத்தகத்தில குற்றாலம் திருநெல்வேலி மாவட்டம், சனிக்கு 62 நிலா, எவரெஸ்ட் 8848 மீட்டர்னு இருக்கு. இன்னொரு புத்தகத்தில எல்லாமே வேற. எதை நம்பிப் படிக்க?
– பேருந்து நடத்துநர், பாபநாசம்

அண்ணாச்சி, ரெண்டு புத்தகத்திலும் முதல் தாளைப் புரட்டி, எந்த ஆண்டு அச்சடித்தது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பொது அறிவில் பல விடைகளுக்குத் தேதி உண்டு. அந்தத் தேதியைச் சொல்லாமல் விடையை மட்டும் அச்சடிப்பதுதான் பிள்ளைகளைத் திணறடிக்கிறது.

குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் உருவானது. அன்றிலிருந்து குற்றாலம் தென்காசி மாவட்டம். 'ஒரே மாவட்டத்தில் தோன்றி அதே மாவட்டத்திலேயே கடலில் கலக்கும் ஆறு' என்று தாமிரபரணியைப் பற்றி ஒரு வரி பழைய புத்தகங்களில் இருக்கும். 1986 அக்டோபர் வரை அது சரி. அந்த மாதம் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆயிற்று. இப்போது ஆறு பொதிகையில் தோன்றி, நம் திருநெல்வேலி மாவட்டத்தைக் கடந்து, தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னக்காயலில் கடலைச் சேருகிறது. ஆறு போன வழியிலேதான் போகிறது. நாம்தான் எல்லைக்கோட்டை மாற்றினோம்.

எவரெஸ்ட் 8848 என்பது 1950-களில் இந்திய நில அளவைத் துறை கண்ட உயரம். நேபாளமும் சீனாவும் திரும்ப அளந்து, 2020 டிசம்பரில் சேர்ந்து அறிவித்தது 8848.86 மீட்டர். சனியின் நிலாக் கணக்கு இன்னும் வேகமாக ஏறுகிறது. 62 என்பது ஒரு காலத்தில் சரி. 2019-ல் 82 ஆனது. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புதிய நிலாக்களைச் சேர்த்தார்கள், மொத்தம் 274. அவை நேற்று முளைத்தவை இல்லை. சில கிலோமீட்டர் அகலமே உள்ள சின்னப் பாறைகள். இப்போதுதான் தொலைநோக்கிக்குத் தட்டுப்படுகின்றன. புளூட்டோவும் அப்படித்தான். 2006 ஆகஸ்ட் 24 வரை ஒன்பதாவது கோள். அதற்குப் பிறகு குறுங்கோள்.

பாடம் நடத்தின காலத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். மாறாத விடையைப் பேனாவில் எழுது. மாறக்கூடியதைப் பென்சிலில் எழுதி, பக்கத்தில் மாதமும் வருடமும் போடு. மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது 1911 ஜூன் 17. அது பேனா. சனியின் நிலா பென்சில். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். மாவட்டம், மாநிலம், உயரம், எண்ணிக்கை, 'உலகிலேயே பெரியது' என்று வருகிற எல்லாம் பென்சில் சாதிதான்.

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்தில ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு சொன்னாவ. எங்க கடைக்குள்ள நெஞ்சளவு தண்ணி வந்துச்சு. 95 சென்டிமீட்டர்னா என்ன கணக்கு டீச்சர்? அது உலக சாதனையா?
– மளிகைக் கடைக்காரர், ஏரல்

அண்ணாச்சி, அந்த மழையில் ஏரல் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் தங்கச்சி வீடு ஸ்ரீவைகுண்டத்தில். போனும் கிடைக்காமல், பாதையும் இல்லாமல் நாங்கள் இங்கே தவித்துக்கொண்டிருந்தோம். அதே ஊர் ஸ்டேஷனில்தான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போனதால், சுமார் 800 பயணிகளோடு நின்றது.

கணக்குக்கு வருவோம். பெய்த தண்ணீர் மண்ணில் இறங்காமல், ஓடாமல், ஆவியாகாமல் விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுதான் மழை அளவு. ஒரு சதுர மீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை என்றால் 10 லிட்டர். நமக்கு சென்ட் கணக்குதான் பழக்கம். ஒரு சென்ட் சுமார் 40.5 சதுர மீட்டர். ஆக, 1 சென்டிமீட்டர் மழைக்கு ஒரு சென்ட் நிலத்தில் 405 லிட்டர் விழும். 95 சென்டிமீட்டருக்கு 38,400 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரி மூன்றைக் கொண்டுவந்து ஒரு சென்ட் மனையில் திறந்துவிட்டாலும், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும். ஒரு ஏக்கருக்கு 38 லட்சம் லிட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 65 சென்டிமீட்டரை ஒட்டித்தான். ஒன்றரை வருட மழை ஒரே நாளில் இறங்கியிருக்கிறது.

'ஒரே நாள்' என்றால் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு இல்லை. காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை என்பது இந்திய வானிலைத் துறையின் நாள் கணக்கு. காயல்பட்டினத்து 95 என்பது டிசம்பர் 18 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்துக்கு உரியது. குமரிக் கடல் பக்கம் ஒரு காற்றுச் சுழற்சி நகராமல் நின்று, கடலின் ஈரத்தையெல்லாம் இழுத்து ஒரே வட்டாரத்தில் கொட்டியது.

உங்கள் கடைக்குள் நெஞ்சளவு நின்றது உங்கள் ஊர் மழை மட்டும் இல்லை. மேற்கே மலையிலும் அதே நேரத்தில் பேய்மழை. அந்தத் தண்ணீரும், வழியில் உள்ள ஓடைகளும், உடைந்த குளங்களும் ஆற்றோடு சேர்ந்து கிழக்கே வந்தன. ஏரல் ஆற்றின் கரையில், கடலுக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் இருக்கிற ஊர். தலைக்கு மேலிருந்தும் வந்தது, ஆற்று வழியாகவும் வந்தது.

உலக சாதனை இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவினுடையது. அங்கே ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் 24 மணி நேரத்தில் 182.5 சென்டிமீட்டர். இந்தியாவில் சிரபுஞ்சியில் 1995 ஜூன் 16 அன்று 156.3 சென்டிமீட்டர். ஆனால் அந்த இரண்டும் பெருமழைக்குப் பழகிய மலைகள். நம்முடையது பனையும் உப்பளமும் உள்ள வறண்ட கடற்கரை. அதனால் காயல்பட்டினத்து 95-ஐ அந்த எண்களோடு வைத்துச் சின்னது என்று நான் சொல்லமாட்டேன்.

நீங்களே மழை அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கம் நேராக உள்ள கண்ணாடி ஜாடி போதும். அகலம் எவ்வளவு என்பது பொருட்டில்லை. பக்கம் நேராக இருக்கவேண்டும், அவ்வளவுதான். வாளி ஆகாது. வாளியின் வாய் அகலம், அடி குறுகல். உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடும். மொட்டைமாடியில் தென்னை ஓலை சொட்டாத இடத்தில் ஜாடியை வைத்து, காலை எட்டரைக்கு ஸ்கேலை உள்ளே விட்டுப் பாருங்கள். என் வீட்டு மாடியிலும் ஒன்று இருக்கிறது. அளவைக் காலண்டர் தாளிலேயே குறித்துவிடுவேன்.

டீச்சர், நாங்க எட்டாம் வகுப்பு 'சி' பிரிவு. எங்களுக்குள்ள நடந்த போட்டியில தகராறு ஆன கேள்விங்க இது. ஒட்டகச்சிவிங்கி கழுத்துல எத்தனை எலும்பு? ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? ஒரு நாள் ஒரு வருஷத்தைவிடப் பெருசா இருக்கிற கோள் உண்டா? அதிக நாடுகளோட எல்லை உள்ள நாடு எது?
– விக்கிரமசிங்கபுரம்

எலும்பு ஏழு, உங்கள் கழுத்திலும் ஏழுதான். அதனுடையது ஒவ்வொன்றும் நீளம். இதயம் மூன்று, இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடம்புக்கு. கோள் வெள்ளி. தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 243 நாள் எடுக்கும், சூரியனைச் சுற்ற 225 நாள்தான். நாடு என்று கேட்டால் சீனாவும் ரஷ்யாவும், ஆளுக்கு 14. ஒரு பெயர் மட்டும் எழுதினவனுக்கு அரை மார்க் கொடுங்கள்.

பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் நடுவுல இருக்கிற பாலத்துக்கு யார் பேரு வச்சிருக்கு? சுலோச்சனாங்கிறது ஒரு அம்மாவா? லண்டன்ல இதே மாதிரி பாலம் இருக்காமே?
– தையல்காரர், மேலப்பாளையம்

அம்மா இல்லை, தம்பி, ஐயா. சுலோசன முதலியார் என்பவர் அந்தக் காலத்துக் கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்தவர். அப்போது நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. தாமிரபரணியில் தண்ணீர் பெருகினால் இக்கரை இக்கரைதான், அக்கரை அக்கரைதான். 1840-ல் பாலம் கட்ட யோசனை எழுந்தது. கலெக்டர் தாம்சன் ஊராரிடம் நன்கொடை கேட்டார், பணம் சேரவில்லை. முதலியார் முழுச் செலவையும் தானே ஏற்றார். ஏறக்குறைய 50,000 ரூபாய். அந்தக் காலத்து ஐம்பதாயிரம் என்பதை நினைத்துப் பாருங்கள். அவருடைய மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

ஹார்ஸ்லி என்ற பொறியாளர் வரைபடம் போட்டார். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் 1817-ல் திறந்த வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டார்கள். 11 வளைவுகளோடு நம் பாலம் 1843 நவம்பரில் திறக்கப்பட்டது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சுவையானது. லண்டனில் 'இருந்தது' என்றுதான் சொல்லவேண்டும். அந்தப் பழைய வாட்டர்லூ பாலத்தின் தூண்கள் உட்கார்ந்துபோய், 1930-களில் அதை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பது இரண்டாம் உலகப்போர் நேரத்தில் கட்டிய வேறு பாலம். பார்த்துக் கட்டிய நம் பாலமோ, இடையில் பழுது பார்த்தும் அகலப்படுத்தியும், இன்னும் பஸ்ஸையும் லாரியையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அடுத்த முறை போகும்போது படித்துறைப் பக்கம் இறங்கி, கீழேயிருந்து வளைவுகளைப் பாருங்கள். மேலே வண்டியில் போகிறவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

எங்க தாத்தா காலத்துப் பத்திரத்தில திருவிதாங்கூர்னு இருக்கு. நாங்க தமிழ்நாடுதானே?
– செங்கோட்டை வாசகி

1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாடு (அன்றைய பெயர் சென்னை மாநிலம்). அதற்கு முன் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது இன்றைய குமரி மாவட்டத்துத் தாலுகாக்களோடு செங்கோட்டைத் தாலுகாவின் கிழக்குப் பகுதியும் இங்கே வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை கேரளத்தோடே இருந்துவிட்டன. மேலே சொன்னேனே, வாஞ்சிநாதன், அவரும் உங்கள் ஊர்க்காரர்தான். பார்த்தது திருவிதாங்கூர் வனத்துறை வேலை. பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

முதல் தமிழ்ப் பேசும் படத்துல எல்லாரும் தமிழ்தான் பேசினாங்களா?
– கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

இல்லை. 1931 அக்டோபர் 31-ல் வெளியான 'காளிதாஸ்' படத்தில் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். இயக்கியவர் எச்.எம். ரெட்டி, படம் பிடித்தது பம்பாயில். கதை காளிதாசனுடையது, ஆனால் பாட்டில் தியாகராஜர் கீர்த்தனையும் வரும், காந்தியின் கைராட்டினமும் வரும். படம் பேசுகிறது, பாடுகிறது என்பதே அப்போது அதிசயம். எந்த மொழி என்று யார் சண்டைக்கு வருவார்கள்? படச்சுருள் இன்று எங்கும் கிடைக்கவில்லை.

வினா விடைப் புத்தகங்கள் ராஜலட்சுமியை 'முதல் கதாநாயகி' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அது எனக்குச் சம்மதமில்லை. அந்த அம்மா 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படத்தை எழுதி, தயாரித்து, இயக்கினார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். திருவையாற்றில் பிறந்து, சின்ன வயதில் கல்யாணம் முடிந்து, அது முறிந்து, நாடகக் கம்பெனியில் சேர்ந்து வந்தவர். தேர்வில் கேட்காவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குலசேகரன்பட்டினத்தில ராக்கெட் தளம் வருது. பூமத்திய ரேகைக்குப் பக்கம்கிறதாலதான் நம்ம ஊரைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு சொல்றாங்க. சரிதானா?
– கருப்பட்டி வியாபாரி, உடன்குடி

பாதிதான் சரி அண்ணாச்சி. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நடுக்கோட்டில் தரையின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி ஏவுகிற ராக்கெட்டுக்கு அந்த வேகம் இனாம். ஆனால் குலசேகரன்பட்டினத்திலிருந்து முக்கியமாக ஏவப்போவது தெற்கு நோக்கி, துருவங்களின் மேலாகச் சுற்றுகிற சின்னச் செயற்கைக்கோள்களை. தெற்கே போகிற வண்டிக்குக் கிழக்கு வேகத்தால் லாபம் இல்லை.

உண்மைக் காரணம் இலங்கை. ராக்கெட் மேலே போகப்போக, எரிந்து முடிந்த அடுக்குகள் கழன்று கீழே விழும். அவை கடலில்தான் விழவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே ஏவினால் பாதையில் இலங்கை குறுக்கே கிடக்கிறது. அதனால் முதலில் கிழக்கே தள்ளிப் போய், பிறகு தெற்கே திரும்பவேண்டும். அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும். 500 கிலோ அளவில் சுமக்கிற எஸ்.எஸ்.எல்.வி. மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் செலவே சுமையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். உங்கள் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். இலங்கை இடது கைப் பக்கம் ஒதுங்கிவிடும். நேர் எதிரே அண்டார்டிகா வரை வெறும் கடல். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

பக்கத்திலேயே பணகுடி மேற்கே மகேந்திரகிரி இருப்பதும் ஒரு வசதி. இஸ்ரோவின் என்ஜின்களை அங்கேதான் மலையடிவாரத்தில் கட்டிப்போட்டு எரித்துச் சோதிக்கிறார்கள். 2023-ல் சந்திரயான்-3-ஐச் சுமந்துபோன ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜினும் அங்கே சோதித்ததுதான். அதற்குள் போவது மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183-ல் திரவ ஆக்சிஜன். பணகுடி வெயிலில் நின்றுகொண்டு அதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

கூந்தன்குளத்துக்கு இமயமலையத் தாண்டி ஒரு வாத்து வருதாமே, அவ்வளவு உயரத்துல மூச்சு முட்டாதா?
– பத்தாம் வகுப்பு மாணவன், மூலைக்கரைப்பட்டி

நல்ல கேள்வி, எய்யா. வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். கோடையில் திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் இமயத்தைத் தாண்டித் தெற்கே இறங்கும். அதன் உடம்பில் கருவி கட்டி அளந்ததில் 7,290 மீட்டர் வரை பறந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே காற்றில் ஆக்சிஜன் நம் ஊரில் உள்ளதில் பாதிகூட இருக்காது.

மூச்சு ஏன் முட்டவில்லை என்றால், அதன் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும். நுரையீரலும் பெரிது. இன்னொன்றும் செய்கிறது. ஒரே மட்டத்தில் உயரத்தில் பறக்காமல், மலைச்சரிவை ஒட்டியே ஏறி இறங்கிப் போகும். தாழ்ந்த இடத்தில் காற்று அடர்த்தி அதிகம். சிறகடிக்க ஊன்றல் கிடைக்கும். இறங்கித் திரும்ப ஏறுவது வீண் வேலை மாதிரித் தெரியும். ஆனால் மொத்தக் கணக்கில் அதுதான் சிக்கனம்.

வரித்தலை வாத்து நம் ஊரில் கூடு கட்டாது. தின்று கொழுத்துவிட்டுத் திரும்பிவிடும். கூடு கட்டுவது கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும். அவை குளத்து மரத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு மரத்திலும் கட்டும். எச்சமும் மீன் நாற்றமும் முற்றத்தில் விழும்தான். கூந்தன்குளத்துக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. பறவை வந்தால் மழை வரும், விளைச்சல் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1994-ல் அரசு சரணாலயம் என்று அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இதுதான் வழக்கம். உன் ஊரிலிருந்து பக்கம்தானே? ஜனவரிக்குப் பிறகு ஒரு காலை நேரத்தில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்.

வில்லுப்பாட்டுல குடத்தை எதுக்கு அடிக்காங்கன்னு பேரன் கேக்கான். எங்க ஊர் சுடலை கோயில் கொடையில கேட்டு வளர்ந்தவ நான், எனக்கே சொல்லத் தெரியல.
– களக்காடு வாசகி

அக்கா, பேரனை அடுத்த கொடைத் திருவிழாவுக்கு முன்வரிசையில் உட்காரவையுங்கள். குடத்தைத் தரையில் பிரிமணை மேல் வைத்து, அதன் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பாடுகிறவர் வீசுகோலால் நாணைத் தட்டும்போது, வில்லில் கோத்த மணியெல்லாம் சேர்ந்து குலுங்கும். குடக்காரர் ஒரு கையில் பாளையில் செய்த தட்டை மட்டை வைத்துக் குடத்தின் வாயில் அடிப்பார். மட்டை வாயை மூடித் திறக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து 'கும்' என்று வரும். வயிறு பெரிய குடமானால் ஒலி இன்னும் ஆழம். மறுகையில் ஒரு காசு வைத்துக் குடத்தின் பக்கத்தில் தட்டுவார். அது 'டிங்' என்று கூர்மையாக விழும். ஒரே மண்குடத்தில் அடித்தாளமும் மேல்தாளமும் கிடைத்துவிடுகிறது. உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் அதன் மேல் ஏறி நடக்கும். பின்பாட்டுக்காரர் போடுகிற 'ஆமா'வை மறந்துவிடாதீர்கள். ராத்திரி முழுக்கக் கதை தூங்காமல் போவதற்கு அந்த 'ஆமா'தான் காரணம்.

கொடைக் கதைகளைத் தாண்டி வேறு கதைகளையும் வில்லில் ஏற்றி, மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனவர்களில் நம்மவர் சுப்பு ஆறுமுகம். சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்தான் அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனார். 2021-ல் பத்மஸ்ரீ. 2022 அக்டோபரில் காலமானார். பேரன் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினால் இந்தப் பெயர் அதில் இருக்கவேண்டும்.

நண்பகல்ல சூரியன் உச்சிக்கு வரும், நிழல் இருக்காதுன்னு படிச்சோம். நானும் என் சிநேகிதியும் சரியா 12 மணிக்கு மைதானத்தில நின்னோம். நிழல் இருந்தது. பாடம் தப்பா டீச்சர்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, வீரவநல்லூர்

படித்ததை வெயிலில் போய் நின்று சோதித்தீர்களே, அதற்கே உங்கள் ரெண்டு பேருக்கும் என் பாராட்டு. பாடம் தப்பில்லை, இரண்டு விஷயத்தை விட்டுவிட்டது.

முதலாவது, நம் ஊரில் நண்பகல் 12 மணிக்கு வராது. கடிகாரம் காட்டுவது இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரம், அது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே சுமார் 5 டிகிரி தள்ளி இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். ஆக, சூரியன் நமக்கு உச்சிக்கு வர ஏறக்குறைய 20 நிமிடம் தாமதம். மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்பின் ஆகும்.

இரண்டாவது, உச்சி என்றால் தினமும் நேர் தலைக்கு மேல் இல்லை. சூரியன் வருடத்தில் பாதி வடக்கே நகரும், பாதி தெற்கே நகரும். எல்லை இரண்டு பக்கமும் 23 டிகிரி 26 நிமிடம், அதாவது கடகரேகையும் மகரரேகையும். நாம் இருப்பது வடக்கே சுமார் 8.7 டிகிரியில். வடக்கே ஏறும்போது ஒரு நாளும் திரும்பும்போது ஒரு நாளும் மட்டும் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கும். நம் ஊருக்கு அது ஏப்ரல் 12-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 31-ஐ ஒட்டியும் வரும். நிழலில்லா நாள் என்பது அதுதான். சென்னைக்கு ஏப்ரல் 24 பக்கம். டெல்லிக்குக் கிடையவே கிடையாது. அது கடகரேகைக்கும் வடக்கே இருக்கிறது.

இந்த இரண்டு நாளுக்கும் நடுவே, மே, ஜூன், ஜூலை மாதங்களில், நம் ஊரில் உச்சி வேளையில் நிழல் தெற்கே விழும்! கவனித்தவர்கள் குறைவு. ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டால், ஜூன் 21 உச்சியில் 26 சென்டிமீட்டர் நிழல் தெற்குப் பக்கம். டிசம்பர் 22-ல் அதே குச்சிக்கு 63 சென்டிமீட்டர், வடக்குப் பக்கம்.

ஏப்ரல் 12 வருவதற்குள் ஒரு நேரான குழாய்த் துண்டைத் தேடி வையுங்கள். சமதரையில் நிறுத்தி, தூக்குநூல் பிடித்து நேராக்கிக்கொள்ளுங்கள். பகல் 12.10-க்குத் தொடங்கி இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள்; 12.30-க்கு நிறுத்தலாம். அந்த நாளுக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் செய்தால் இன்னும் நல்லது. ஒரு நாளில் மேகம் மறைத்தாலும் இன்னொரு நாள் கிடைக்கும். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், சூரியனை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். எந்த நிமிடத்தில் நிழல் குழாயின் அடிக்குள் போனது என்று எனக்கு எழுதுங்கள். கல்லிடைக்குறிச்சியில் நானும் குறித்து வைக்கிறேன். இரண்டு ஊர் நேரத்தையும் சேர்த்து இதே பக்கத்தில் போடலாம்.